ஏக்கர் கணக்கைத் தொட்டிச் செடிக்குச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் மாடித்தோட்டத்துக்கான இயற்கைக் கரைசல்கள் பற்றி அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. வரவேற்கிறோம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வயலுக்கு எழுதியதை அப்படியே வீட்டுக்கு எடுத்துச் சொல்பவை. 200 லிட்டர் பீப்பாய், 10 கிலோ சாணம் என்று படிக்கிறவர் பத்துத் தொட்டி வைத்திருப்பவராக இருந்தால் என்ன செய்வார்? கண்ணளவில் குறைப்பார். வெல்லம் விலை அதிகம் என்று அதை இன்னும் கொஞ்சம் குறைப்பார். மூன்றாம் நாள் மாடிப்படி முழுக்க நாற்றம் அடிக்கும், பக்கத்து வீட்டில் சத்தம் போடுவார்கள். வாளியைக் கவிழ்த்துவிட்டு உரக்கடைக்குப் போய் ரசாயன உரம் வாங்கி வந்துவிடுவார்.

குறிப்பு தப்பில்லை. குறிப்பில் இருக்க வேண்டிய சில விஷயங்கள்தான் விடுபட்டிருக்கின்றன. எதை மூடி வைப்பது, எதைக் கலக்கிக்கொண்டே இருப்பது, எவ்வளவு தண்ணீரில் கலந்து செடிக்குக் கொடுப்பது என்று சொல்லாமல் பொருள் பட்டியலை மட்டும் அச்சிட்டால் அது பாதிச் செய்முறைதான். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறோம். சற்று நீளமான கடிதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மீன் அமிலம். வீட்டில் அதிகம் பேர் செய்வதும் அதிகம் பேருக்குக் கெட்டுப்போவதும் இதுதான். கொரியாவின் சோ ஹான் கியூ பரப்பிய இயற்கை வேளாண் முறையில் இது முக்கியமான ஒன்று. இன்று தமிழ்நாட்டில் காய்கறி போடுகிறவர்களில் இதைக் கேள்விப்படாதவர் குறைவு. மீன் கழிவு ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ. சம எடை. இந்த 'சம எடை' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெல்லம் நுண்ணுயிருக்குத் தீனி என்று மட்டும் நினைத்து, அரைக் கிலோ போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. இங்கே வெல்லத்தின் முதல் வேலை மீனிலுள்ள நீரை வெளியே இழுத்து, அந்த நீரையே கெட்டியான பாகாக மாற்றுவது. அவ்வளவு இனிப்பில் அழுகல் பாக்டீரியா பெருகாது. ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையை இங்கே வெல்லம் செய்கிறது. அந்தப் பாதுகாப்புக்குள் மீனின் குடலில் இருக்கும் செரிமான நொதிகள் சதையை உடைத்து அமினோ அமிலங்களாகக் கரைக்கின்றன. வெல்லம் குறைந்தால் பாகு நீர்த்துப்போகும், அழுகல் முந்திக்கொள்ளும். பிறகு எத்தனை நாள் வைத்தாலும் அது தேறாது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். குடலும் செவுளும் அசிங்கம் என்று அவற்றை ஒதுக்கிவிட்டுச் செதிலையும் முள்ளையும் மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கரைக்கும் நொதி இருப்பதே குடலில்தான். செதிலும் முள்ளும் கடைசிவரை கரையாமல் வடிகட்டியில்தான் நிற்கும். மீன் வெட்டும் இடத்தில் கேட்கும்போது குடலோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அன்றைக்கு வெட்டியதாக இருக்க வேண்டும். சாயங்காலம்வரை வெயிலில் கிடந்த கழிவில் அழுகல் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். கழிவைக் கழுவ வேண்டாம். கழுவினால் தண்ணீர் ஏறிப் பாகு நீர்க்கும். பையில் தேங்கியிருக்கும் ஐஸ் தண்ணீரை மட்டும் வடித்துவிடுங்கள். கருவாடு, உப்புப் போட்ட மீன் இதற்கு ஆகாது. தொட்டி மண்ணில் உப்பு ஏறினால் இறக்குவது பெரும்பாடு.

வெல்லத்தில் கறுத்ததே நல்லது. பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்தது. அதில் மிஞ்சும் கந்தகச் சேர்மம் நுண்ணுயிருக்கு ஆகாது. பார்வைக்கு அழகாக இல்லை என்று கடைக்காரர் ஒதுக்கி வைத்திருக்கும் கறுப்பு உருண்டையைக் கேட்டால் விலையும் குறையும். நாட்டுச்சர்க்கரையாக இருந்தால் இடிக்கிற வேலை மிச்சம். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழநிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, அதை மீன் குடலில் கொட்டுவதா என்று சிலருக்கு மனசு வராது. அவர்கள் கறுப்பு வெல்லத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாத்திரம் பிளாஸ்டிக்காக, அகன்ற வாயாக இருக்கட்டும். இரும்பும் அலுமினியமும் புளிப்பில் அரிக்கும். கண்ணாடி ஜாடியை இறுக்கி மூடினால் உள்ளே உண்டாகும் வாயு அதை உடைத்துவிடும். இரண்டு கிலோ கலவைக்கு நான்கு லிட்டர் டப்பா சரியாக இருக்கும். முக்கால் பங்குக்கு மேல் எப்போதும் நிரப்பக் கூடாது. அடியில் ஒரு கை வெல்லம், மேலே மீன், மறுபடி வெல்லம் என்று அடுக்கி, கடைசியில் மீன் கண்ணுக்குத் தெரியாதபடி வெல்லத்தால் மூடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் ஈ முட்டையிடும். டப்பாவின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, அதன்மேல் மூடியைப் போட்டு, மூடியைக் கால் திருகு தளர்த்தி வையுங்கள். வெயில் படக் கூடாது. மாடியில் தண்ணீர்த் தொட்டியின் அடியில், படிக்கட்டின் கீழே என்று எங்காவது ஒரு நிழல் கிடைக்கும். நாயும் பூனையும் எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும்.

முதல் நாள் இரவே வெல்லம் கசியத் தொடங்கும். மூன்றாம் நாள் திறந்தால் அடுக்கு எதுவும் தெரியாது. கறுத்த பாகில் மீன் துண்டுகள் மிதக்கும், ஓரங்களில் நுரை கட்டியிருக்கும். அப்போது ஒரு மரக்குச்சியால் ஒருமுறை புரட்டி, மேலே வந்த துண்டுகளைப் பாகுக்குள் அமுக்கிவிடுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை போதும். சித்திரை வைகாசியில் 21 நாளிலேயே தயாராகிவிடும். மார்கழிக் குளிரில் 40 நாள்கூட ஆகும். நாட்கணக்கை நம்பாதீர்கள், மூக்கையும் கண்ணையும் நம்புங்கள். நல்ல கரைசலில் வெல்லமும் பழுத்த பழமும் சேர்ந்த வாடை வரும், அடியில் லேசாக மீன் வாடை இருக்கும். ஒரு கரண்டி எடுத்து வெளிச்சத்தில் சரித்தால் தேன் போலக் கனமாக வழியும், கலங்கல் இருக்காது. சாக்கடை வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் அது கெட்டுவிட்டது. அமிலத்தன்மை பார்க்கும் தாள் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது, 4.5-க்குக் கீழே காட்டினால் கவலையில்லை.

மேலே வெள்ளைப் படலம் கட்டினால் பயப்பட வேண்டாம். அது ஈஸ்ட் வகை, கலக்கிவிட்டால் போதும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோலப் பூசணம் வந்தால் அந்த இடத்தில் வெல்லம் சேரவில்லை என்று பொருள். சின்னத் திட்டாக இருந்தால் அள்ளி எறிந்துவிட்டு, மேலே இரண்டு கை வெல்லம் தூவுங்கள். பரவியிருந்தால் விட்டுவிடுங்கள். புழு வைத்துவிட்டது என்று உடனே கொட்டிவிடுகிறவர்களும் உண்டு. புழு வந்தால் ஈ புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். வாடை நன்றாக இருந்தால் வெல்லம் சேர்த்து அமுக்கிக் கட்டினாலே புழு செத்துவிடும்.

வடிகட்டும்போது முதலில் சல்லடை, பிறகு பழைய வேட்டித் துணி. மத்தி (சாளை) போன்ற கொழுப்பு மீனாக இருந்தால் மேலே எண்ணெய் மிதக்கும். அதைக் கரண்டியால் எடுத்துவிடாமல் தெளித்தால் கைத்தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும், இலையில் பிசுக்குப் படியும், எறும்பு ஏறும். ஒரு கிலோ கழிவில் சுமார் ஒரு லிட்டர் கரைசல் கிடைக்கும். இலைக்கு லிட்டருக்கு 5 மில்லி, வேருக்கு லிட்டருக்கு 10 மில்லி. 15 நாளுக்கு ஒருமுறை. 5 மில்லி என்றால் ஒரு தேக்கரண்டி, ஒரு மூடி இல்லை. குளிர்பான பாட்டிலின் மூடியில் ஏறக்குறைய 7 மில்லி பிடிக்கும், அதில் 'கொஞ்சம் தாராளமாக' இரண்டு மூடி ஊற்றியதில் ஓரம் கருகிய வெண்டை இலைகள் ஏராளம். மாலை நாலு மணிக்கு மேல் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் துளி காய்ந்து இலைமேல் செறிவு ஏறும், அதுவே கருக்கும்.

மீன் அமிலத்தை மூடி வைக்கச் சொன்னோம். பஞ்சகவ்யம் அதற்கு நேர் எதிர். மூடி வைத்தால் கெடும், கலக்கக் கலக்கத்தான் தேறும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் வகுத்துப் பரப்பிய இந்த முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தன் பக்கங்களில் கொடுத்திருக்கிறது. வயல் அளவு இது: பசுஞ்சாணம் 7 கிலோ, நெய் 1 கிலோ, கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர், பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, கனிந்த பூவன்பழம் 12. வீட்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்கே அதிகம். சாணம் 700 கிராம், நெய் 100 கிராம், கோமியமும் தண்ணீரும் தலா 1 லிட்டர், பால் 300 மில்லி, தயிர் 200 மில்லி, இளநீர் 300 மில்லி, வெல்லம் 300 கிராம், பூவன்பழம் ஒன்று. சிறிய பழமாக இருந்தால் இரண்டு. நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும்.

இது எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 சதவீதக் கரைசல், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. செடி வளர்க்கும் பைகள் 50 இருந்தால் ஒரு தடவை தெளிக்க 5 லிட்டர் தாராளம், அதற்கு 150 மில்லி பஞ்சகவ்யம். மாதம் இரண்டு தடவை என்றால் மாதத்துக்கு 300 மில்லி. நான்கு லிட்டர் ஒரு வருடத்துக்கு வருகிறது; ஆனால் கலக்கிக்கொண்டே இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் வைப்பது நல்லதில்லை. ஆக 50 பை வைத்திருப்பவருக்கு இருபதில் ஒரு பங்கே போதும். இருபது தொட்டிக்காரர் பீப்பாய் தேடி அலைய வேண்டியதில்லை. ஐந்து லிட்டர் பக்கெட்டில் முடிகிற காரியம்.

வரிசை மாறக் கூடாது. சாணத்தையும் நெய்யையும் பிசைந்து மூன்று நாள், காலை மாலை கிளறிவிடுங்கள். நான்காம் நாள் கோமியமும் தண்ணீரும் ஊற்றி 15 நாள், அப்போதும் இரண்டு வேளைக் கலக்கல். அதற்குப் பிறகுதான் பால், தயிர், இளநீர், வெல்லம், பழம். மொத்தம் 30 நாளில் தயார். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டினால் சாணம் ஆறுவதற்குள் பாலும் வெல்லமும் பொங்கி வழியும், புளிப்பு எகிறும், நெய் மட்டும் தனியாகக் கட்டி மிதக்கும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று கலக்கும் திசைக்குச் சிலர் பெரிய விளக்கம் தருகிறார்கள். உள்ளே காற்று போக வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் அது போகும். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து திறந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். உடனே கொட்டிவிடாதீர்கள். ஒரு நாளுக்கு நான்கைந்து தடவை நன்றாகக் கலக்கி, கொஞ்சம் வெல்லம் கரைத்து ஊற்றினால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் வாடை மாறிவிடும். வாயில் கொசுவலைத் துணி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் அதுவே ஈக்கும் கொசுவுக்கும் பண்ணையாகிவிடும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். தெருவில் சுவரொட்டியும் பிளாஸ்டிக் பையும் தின்று திரியும் மாட்டின் சாணத்தை எடுக்காதீர்கள். தீவனம் தின்கிற மாட்டுச் சாணமாகவே இருந்தாலும், சமீபத்தில் குடற்புழு நீக்க மருந்தோ ஆன்டிபயாடிக் ஊசியோ போட்டார்களா என்று மாட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மருந்தில் ஒரு பகுதி சாணத்தில்தான் வெளியேறுகிறது. மாநகராட்சிக் குடிநீரில் குளோரின் இருப்பதால், அதை ஒரு நாள் வாயகன்ற அண்டாவில் திறந்து வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். உப்புத் தட்டும் ஆழ்துளைத் தண்ணீர் இருக்கிற பகுதிகளில் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஜீவாமிர்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர் ஒரு ஏக்கருக்குச் சொன்ன கணக்கு தண்ணீர் 200 லிட்டர், சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி மண். முப்பது தொட்டிக்கு நூற்றில் ஒரு பங்கு: தண்ணீர் 2 லிட்டர், சாணம் 100 கிராம், கோமியம் 100 மில்லி, வெல்லம் 20 கிராம், கொள்ளு மாவோ கடலை மாவோ 20 கிராம், ரசாயனம் படாத மரத்தடி மண் ஒரு தேக்கரண்டி. 48 மணி நேரம் நிழலில், காலை மாலை கலக்கல். வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். தீனி தீர்ந்ததும் நுண்ணுயிர் சாகத் தொடங்கும். பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் விற்கப்படும் ஜீவாமிர்தத்தை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பூ கொட்டுகிறது என்று கேட்பவர்களுக்குத் தேமோர்க் கரைசல். புளித்த மோர் ஒரு லிட்டர், ஒரு தேங்காயின் பால், அரை டம்ளர் இளநீர். சக்கையை எறிய வேண்டாம். துணியில் முடிந்து உள்ளேயே போடுங்கள். ஏழு நாள், தினமும் ஒரு கலக்கல். லிட்டருக்கு 100 மில்லி கலந்து, பூ எடுக்கும் சமயத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். இதே மோரில் தேங்காய்ப்பாலுக்குப் பதில் நூறு கிராம் அரப்புத் தூள் போட்டால் அரப்புமோர்க் கரைசல். அளவும் நாளும் அதேதான். இலையில் நன்றாக ஒட்டும், பூச்சியையும் கொஞ்சம் விரட்டும். தலைக்குத் தேய்க்கும் அரப்புத் தூள் போதும், ஆனால் வாசனை கலந்த பாக்கெட் வேண்டாம். தக்காளி, மிளகாயில் 35 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாட்களில் பூ கொட்டுவதைத் தேமோர் நிறுத்தாது. அதற்கு நிழல்வலை கட்ட வேண்டும். இதையும் சேர்த்து எழுதினால்தான் வாசகர் கரைசலைத் திட்டமாட்டார்.

பழத்தோல் என்சைமைப் பற்றித் தங்கள் இணைப்பிதழில் வருவது எங்களுக்குச் சங்கடமாகவே இருக்கிறது. வெல்லம் 1, பழத்தோல் 3, தண்ணீர் 10 என்று பாட்டிலில் அடைத்து 90 நாள் வைப்பது தரை துடைக்கவும் கழிவறை கழுவவும் நன்றாக உதவும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட மறந்தால் பாட்டில் வெடிக்கும். ஆனால் அது காடி மாதிரியான அமிலம். தாளில் 4-க்கும் கீழே காட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 அல்லது 2 மில்லிக்கு மேல் செடிக்குப் போகக் கூடாது. 'பத்து மடங்கு தண்ணீர்' என்று ஒரே விகிதத்தை எல்லாக் கரைசலுக்கும் அச்சிடும்போது, அதைப் படித்து என்சைமை ஊற்றியவரின் செடி வாடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்தக் கரைசல்களைத் தெளித்தும் செடி மஞ்சளாகவே இருக்கிறது என்ற புகார் எங்கும் கேட்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்துள்ள பகுப்பாய்வில் பஞ்சகவ்யத்தின் தழைச்சத்து (நைட்ரஜன்) 229 பிபிஎம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 209, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 232. பிபிஎம் என்றால் லிட்டருக்கு மில்லிகிராம். 3 சதவீதமாகக் கரைத்த பிறகு ஒரு லிட்டரில் இருப்பது சுமார் 7 மில்லிகிராம் தழைச்சத்து. ஒரு டன் தக்காளி விளைய 2 முதல் 3 கிலோ தழைச்சத்து தேவை; ஒரு செடியில் இரண்டு கிலோ காய் எடுக்க 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சகவ்யத் தெளிப்பில் மட்டும் அதைக் கொடுக்க 700 லிட்டர் தெளிக்க வேண்டும், ஒரே செடிக்கு! பஞ்சகவ்யத்தின் பலன் அதிலுள்ள வளர்ச்சி ஊக்கிகளும் நுண்ணுயிரும். அதே பகுப்பாய்வில் அவையும் இருக்கின்றன. அவை வேலை செய்வதற்கு மண்ணில் சத்து இருக்க வேண்டும்.

வயலில் அந்தச் சத்து மண்ணிலும் தொழு உரத்திலும் இருக்கிறது. மாடியில் வெறும் தென்னைநார்க் கழிவை நிரப்பி விதை போட்டால் அதில் செடிக்குக் கிடைக்கும் தழைச்சத்து ஏறக்குறைய இல்லை. பைக்கு அடியுரமாக மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ சேருங்கள். பிறகு கடலைப் பிண்ணாக்கு. அதில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதவீதம். 100 கிராமில் 7 கிராம். ஒரு தக்காளிச் செடியின் மொத்தக் கணக்கு அதிலேயே கிட்டத்தட்ட முடிகிறது.

பிண்ணாக்கைத் தூளாக அப்படியே பையில் போடாதீர்கள். மண்ணுக்குள் சூடேறி வேரைக் கருக்கும், எலி தோண்டும். புளிக்கவைத்துக் கொடுக்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கு 100 கிராம், வேப்பம்பிண்ணாக்கு 25 கிராம், புளித்த மோர் ஒரு டம்ளர், வெல்லம் 20 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். மூன்று நாள், வெயில் குறைவான மாதங்களில் ஐந்து நாள், தினமும் இரண்டு தடவை கலக்கல். வெறும் தண்ணீரில் ஊறவைக்கும்போது வரும் குடலைப் புரட்டும் வாடைக்குக் காரணம், புரதம் காற்றில்லாமல் அழுகுவது. மோர் புளிப்பைக் கொடுத்து அழுகலைத் தடுக்கும். பிறகு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பைக்கு அரை லிட்டர், 15 நாளுக்கு ஒருமுறை. அடியில் தங்கும் சக்கையை எறியாமல் மக்கும் உரத் தொட்டியில் போடுங்கள். இரண்டு மாதச் செடிக்கு நான்கைந்து தடவை கொடுத்தால், மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் அதன்மேல் நன்றாகவே வேலை செய்யும். பிண்ணாக்கைச் சொல்லாமல் தெளிப்பை மட்டும் சொல்கிற குறிப்புகளே அதிகம். காரணம் எங்களுக்குப் புரியவில்லை. தெளிப்பது புகைப்படத்துக்கு நன்றாக இருப்பதாலோ என்னவோ.

கோமியம் சேர்ந்த கரைசல்களில் உப்பும் உண்டு. திரும்பத் திரும்ப ஊற்றினால் பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி காயும். அப்போது உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். செய்ய வேண்டியது வேறு: எல்லாக் கரைசலையும் நிறுத்தி, அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓடும்வரை வெறும் தண்ணீரை இரண்டு மூன்று தடவை ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். பத்து நாள் கழித்துப் பாதி அளவில் தொடங்கலாம். தென்னைநார்க் கழிவை நிரப்புமுன் ஊறவைத்துப் பிழிந்து இரண்டு தடவை கழுவியிருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

சாப்பிடும் இலையைப் பற்றியும் எச்சரிக்கை அவசியம். சாணம், மீன் சேர்ந்த கரைசலைச் சிறுகீரை, அரைக்கீரை, கொத்தமல்லி, புதினா மேல் தெளிக்கவே கூடாது. சாணத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கலாம், முப்பது நாள் புளித்தாலும் முழுதும் சாகும் என்று உறுதியில்லை. கீரை விதைப்பதற்கு முன்பே மண்ணில் மக்கிய உரத்தைச் சேருங்கள். போதாவிட்டால் பிண்ணாக்குக் கரைசலை இலை நனையாமல் வேரோரம் விடுங்கள், பறிக்கும் வாரத்தில் அதையும் நிறுத்துங்கள். பறித்த கீரையை ஓடும் தண்ணீரில் அலசுவது எப்படியும் உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு கலக்குங்கள்.

ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு இந்தக் கரைசல்களை ஒரே தெளிப்பானில் கலக்காதீர்கள். காப்பர் சேர்ந்த மருந்து கரைசலில் உள்ள நுண்ணுயிரைக் கொன்றுவிடும். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போன்ற உயிரியல் மருந்தையும் மீன் அமிலத்தோடு கலக்க வேண்டாம். இடையில் ஒரு வாரம் விட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, கெட்டுப்போனதை என்ன செய்வது என்று எந்தக் குறிப்பும் சொல்வதில்லை. சாக்கடையில் ஊற்றினால் தெருவே நாறும், செடியில் ஊற்றினால் வேர் அழுகும். தரையில் இடமிருந்தால் ஓர் அடி ஆழக் குழியில் காய்ந்த சருகு பரப்பி, அதன்மேல் ஊற்றி, மறுபடி சருகும் மண்ணும் போட்டு மூடுங்கள். மாடி மட்டும்தான் என்றால் ஒரு பழைய வாளியில் தென்னைநார்க் கழிவையும் சருகையும் நிரப்பி, அது குடிக்கிற அளவுக்கு மட்டும் ஊற்றி, மேலே இரண்டு விரல் கனத்துக்கு மண் போட்டுக் கொசுவலைத் துணி கட்டி வையுங்கள். இரண்டு மாதத்தில் வாடை போய் மண்ணோடு மண்ணாகிவிடும், அடுத்த பைக்கு அடியுரமாகவே சேர்க்கலாம்.

வேளாண் பக்கத்தில் இனி ஒரு கரைசலைப் பற்றி எழுதும்போது, 'ஏக்கருக்கு' என்ற கணக்கின் கீழே 'இருபது தொட்டிக்கு' என்று ஒரு வரியும், 'மூடி வைக்கவும்' அல்லது 'தினமும் கலக்கவும்' என்று ஒரு வரியும், லிட்டருக்கு எத்தனை மில்லி என்று ஒரு வரியும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். இடம் போதாவிட்டால் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டக்காரர்கள் சிலர்,
ஈரோடு.